எதிரியின் வீட்டில் விருந்தாளி

போரில் எதிரெதிரே நின்றவர்கள் வயதான காலத்தில் ஒருவரையொருவர் தேடிப் போய்ச் சந்திப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. இந்திய, பாகிஸ்தான் படைவீரர்களிடையே நடந்த இத்தகைய சந்திப்புகளைப் புரிந்துகொள்ள, போர்களுக்கும் முந்தைய ஒரு மாலைப்பொழுதிலிருந்து தொடங்க வேண்டும். 1947 ஆகஸ்ட் 6 அன்று, சுதந்திரத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது, டெல்லி ஜிம்கானா கிளப்பில் ஒரு விடைபெறும் விருந்து நடந்தது. பாகிஸ்தானுக்குப் போகும் அதிகாரிகளுக்கு இந்தியாவில் தங்கும் அதிகாரிகள் அளித்த விருந்து அது. பின்னாளில் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பா, பாகிஸ்தான் செல்லவிருந்தவர்களில் மூத்தவரான பிரிகேடியர் ரஸாவிடம் வெள்ளியாலான ஒரு நினைவுப் பரிசைக் கொடுத்தார். ஓர் இந்துச் சிப்பாயும் ஒரு முஸ்லிம் சிப்பாயும் அருகருகே நின்று பொது எதிரியை நோக்கித் துப்பாக்கி நீட்டியிருப்பதாக அது வடிக்கப்பட்டிருந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 27 அன்று இந்தியப் படைகள் ஸ்ரீநகர் விமானத்தளத்தில் இறங்கின. ஜிம்கானாவில் கைகுலுக்கிக்கொண்டவர்களின் இரு படைகளும் காஷ்மீரில் எதிரெதிர் அணிகளாயின.

பிரிக்கப்படாத இந்தியாவின் படை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பங்கிடப்பட்டது. ஒரே ரெஜிமென்ட்டின் உள்ளேயே மதவாரியாகப் பிரிவுகள் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் ரயிலேறின. ஆட்களையும் டாங்கிகளையும் உணவுக்கூடத்து வெள்ளிப் பாத்திரங்களையும் பங்கு போட முடிந்தது. இறந்தவர்களைப் பங்கு போட முடியவில்லை. டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள போர்க் கல்லறையில் இதற்கான சான்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000-க்கு மேற்பட்ட வீரர்களுக்கான நினைவிடத்தின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. மறுபாதி கராச்சிப் போர்க் கல்லறையில் இருக்கிறது. அதன் பெயரே டெல்லி/கராச்சி நினைவிடம் என்பதுதான். ஒரே இழப்பை இரண்டு நாடுகளும் தனித்தனியே நினைவுகூர்கின்றன. இதைப் பார்க்க வருவோர் மிகக் குறைவு. இந்தியா கேட்டுக்கும் தேசியப் போர் நினைவகத்துக்கும் போகும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு இங்கே வந்தாலும் நன்றாயிருக்கும்.

பழைய போர்க்களத்துக்குத் திரும்பும் வழக்கத்துக்கு மேற்குலகில் இரண்டு பெரிய முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில், 50 ஆண்டுகள் கழித்து, 1913 ஜூலையில் இரு தரப்பையும் சேர்ந்த 50,000-க்கு மேற்பட்ட முதியவர்கள் கூடினார்கள். எந்தக் கல்சுவரை நோக்கி ஒரு தரப்பு பாய்ந்ததோ, எந்தச் சுவருக்குப் பின்னிருந்து மறுதரப்பு சுட்டதோ, அதே சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கலில் ஒரு குறையும் இருந்தது. போருக்குக் காரணமான அடிமைமுறை பற்றி அங்கே பேச்சே எழவில்லை; விடுதலை பெற்றும் உரிமை பெறாத கறுப்பின மக்களுக்கு அந்த விழாவில் இடமில்லாமல் போயிற்று. பிரான்சின் வெர்டன் களத்தில் 1936 ஜூலையில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பிறருமாக சுமார் 20,000 முன்னாள் வீரர்கள் கூடி, அமைதி காப்போம் என்று உறுதியெடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே நாடுகள் மீண்டும் போரில் இறங்கின. முன்னாள் வீரர்களின் நட்புக்கு அரசுகளைத் தடுக்கும் வலிமை கிடையாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. ஆனாலும் அவர்கள் சந்தித்தார்கள் என்பதும் உண்மை.

இந்தியா, பாகிஸ்தான் விஷயத்தில் முதல் தடை களமே. பல முக்கியமான போர்கள் நடந்த நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1971 டிசம்பரில் ஷக்கர்கட் பகுதியில் இந்தியப் படை கைப்பற்றிய நிலம், 1972 ஜூலை 2-ஆம் தேதிய சிம்லா ஒப்பந்தத்தின்படி பாகிஸ்தானிடமே திரும்பியது. அங்கே போரிட்ட இந்திய வீரர் தன் தோழன் விழுந்த இடத்தைப் பார்க்க நினைத்தால் விசா வேண்டும். இந்திய முன்னாள் வீரருக்கு எல்லையோரக் கிராமம் ஒன்றுக்குப் பாகிஸ்தான் விசா தருவதும், பாகிஸ்தான் முன்னாள் வீரருக்கு அதேபோல இந்தியா தருவதும் எளிதில் நடப்பவை அல்ல. ஆகவே இந்த இரு நாட்டு வீரர்களின் சமரசம் போர்க்களத்தில் நடக்கவில்லை. வீட்டுக் கூடங்களிலும் கடிதங்களிலும் மின்னஞ்சலிலும் நடந்தது.

அதில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு பசந்தர் போரோடு தொடர்புடையது. ஷக்கர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து இந்தியக் காலாட்படை 1971 டிசம்பர் 15 இரவு ஒரு பிடிமானத்தை அமைத்தது. டாங்கிகள் பின்தொடர வேண்டும். ஆனால் இடையில் கண்ணிவெடி வயல். பொறியாளர் பிரிவு அதைப் பாதிதான் அகற்றியிருந்தது. லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங் தலைமையிலான 17-ஆவது பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட், மீதி வயலை அப்படியே கடப்பதென்று முடிவெடுத்துச் செஞ்சுரியன் டாங்கிகளைச் செலுத்தியது. மறுநாள் காலை ஜர்பால் கிராமத்தருகே புகைத்திரைக்குப் பின்னிருந்து பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் எதிர்த்தாக்குதல் தொடுத்தன. முன்னணியில் வந்தது 13-ஆவது லான்சர்ஸ். அதுவும் பூனா ஹார்ஸும் 1947 வரை ஒரே பிரிட்டிஷ் இந்தியப் படையின் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகளாக இருந்தவை.

உதவிக்கு விரைந்தவர்களில் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் ஒருவர். வயது 21. படையில் அதிகாரியாகச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. அன்று அங்கே அழிக்கப்பட்ட பத்துப் பாகிஸ்தான் டாங்கிகளில் நான்கு அவருடைய கணக்கு என்று அவருக்கு வழங்கப்பட்ட பரம்வீர் சக்ரா விருதின் பாராட்டுரை சொல்கிறது. அவருடைய டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. வெளியேறும்படி வானொலியில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது என்று பதில் சொல்லிவிட்டு அவர் உள்ளேயே இருந்தார். கடைசியாக மோதிய இரண்டு டாங்கிகளுக்கு இடையே சுமார் நூறு மீட்டர்தான் தூரம். இரண்டும் சுட்டன, இரண்டும் அடிபட்டன. கேத்தர்பால் இறந்தார். எதிர் டாங்கியிலிருந்த அதிகாரி உயிர் தப்பினார். அதே டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மேற்கில் மறுநாள் சண்டை நின்றது.

அருணின் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பாலும் படைக்காரர், பொறியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று டெல்லியில் வாழ்ந்தவர். குடும்பத்தின் பூர்விகம் சர்கோதா. 1947-இல் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது, குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. சாவதற்கு முன் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், 81-ஆவது வயதில், 2001-இல் அவர் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் அந்நாட்டுப் படையின் ஓய்வுபெற்ற அதிகாரி பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். அந்த வீட்டில் எல்லோரும் காட்டிய மரியாதையும் அன்பும் விருந்தாளிக்கே வியப்பாக இருந்தன. புறப்படுவதற்கு முந்தைய இரவில் நாசர் பேசினார். 1971-இல் தான் மேஜராக 13-ஆவது லான்சர்ஸில் இருந்ததையும், அந்தக் காலையில் எதிர்த்தாக்குதலை நடத்தியதையும், கடைசியில் இரண்டு டாங்கிகள் எதிரெதிரே நின்றதையும் சொன்னார். அருணைக் கொன்ற குண்டு தன் டாங்கியிலிருந்து போனது என்றும் சொன்னார்.

மகனைக் கொன்றவரின் கூரையின் கீழ், அவர் வீட்டுச் சோற்றை உண்டு தங்கியிருந்த ஒரு தந்தைக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த எழுத்தும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. நடந்ததை மட்டும் சொல்லலாம். தந்தை கோபப்படவில்லை. அவரும் சிப்பாய். உத்தரவு என்றால் என்ன, நூறு மீட்டரில் எதிரி டாங்கி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நாசரைத் தழுவிக்கொண்டார். 2001 மார்ச் 2 தேதியிட்டு நாசர் எழுதிக் கொடுத்த குறிப்பில், தங்கள் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே கடக்க முடியாத பாறைபோல நின்றவர் என்று அருணைக் குறிப்பிட்டு, அவரைத் தியாகி என்ற சொல்லால் அழைத்திருந்தார்.

இதில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. போரில் சுட்டதற்கு நாசர் வருந்த வேண்டும் என்று கேத்தர்பால் எதிர்பார்க்கவும் இல்லை. தேவைப்பட்டது உண்மை: மகன் எப்படி நின்றான், எப்படி விழுந்தான் என்பதை எதிரே நின்று பார்த்த மனிதரின் வாயால் கேட்பது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த அந்த விவரம் எதிரியிடம் மட்டுமே இருந்தது. இத்தகைய சந்திப்புகளுக்கு முதியவர்கள் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள் என்ற கேள்விக்கு உறுதியான விடை இங்கேதான் கிடைக்கிறது. அருண் இருந்து போரிட்ட ஃபாமகுஸ்டா என்ற டாங்கி பாகிஸ்தான் கைக்குப் போய்ப் பின்னர் திரும்பி வந்து, மகாராஷ்டிரத்தின் அஹில்யாநகர் (முன்பு அகமத்நகர்) கவசப்படை மையத்தில் இருக்கிறது. ஸ்ரீராம் ராகவன் இந்தக் கதையை ‘இக்கீஸ்’ என்ற இந்திப் படமாக எடுத்திருக்கிறார்.

அதே ஜர்பால் களத்தில் இதற்கு எதிர்ப்பக்கம் போலவும் ஒன்று நடந்தது. டிசம்பர் 17 அன்று பாகிஸ்தானின் 35-ஆவது ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் அக்ரம் ராஜா முன்னணியில் நின்று தாக்கி உயிரிழந்தார். அவரை எதிர்த்து நின்றது இந்தியாவின் 3-ஆவது கிரெனடியர்ஸ். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் வி.பி. ஐரி, இறந்த எதிரித் தளபதியின் வீரத்தைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். அக்ரம் ராஜாவுக்குப் பாகிஸ்தான் ஹிலால்-இ-ஜுரத் விருது வழங்கியது. 1999 கார்கில் போரிலும் இதுபோன்றே நடந்தது. டைகர் ஹில்லில் போரிட்டு இறந்த பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கானின் சட்டைப்பையில், இவர் மிகுந்த வீரத்தோடு போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்பினார் இந்தியாவின் பிரிகேடியர் எம்.பி.எஸ். பஜ்வா. (கர்னல் என்பது அவர் பதவியல்ல, பெயர்.) அவருக்குப் பாகிஸ்தானின் உயரிய விருதான நிஷான்-இ-ஹைதர் கிடைத்தது.

மேலே சொன்னவர்கள் எல்லோரும் சீருடையில் இருந்தவர்கள். சீருடை அணியாதவர் இறந்தபோது சமரசம் வேறு வடிவம் எடுக்கிறது. 1965 செப்டம்பர் 19 அன்று குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா சென்ற சிறிய விமானத்தைக் கட்ச் எல்லைப் பகுதியில் பாகிஸ்தான் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. முதலமைச்சரும் அவர் மனைவியும் உட்பட எட்டுப் பேர் இறந்தனர். விமானத்தை ஓட்டியவர் இந்திய விமானப்படையில் பணியாற்றிய ஜஹாங்கீர் இன்ஜினியர். சுட்டவர் கைஸ் உசேன் என்ற இளம் விமானி. உளவு விமானமாக இருக்கலாம் என்ற ஐயத்தில், தரைக்கட்டுப்பாட்டு மையத்தின் உத்தரவுப்படி சுட்டதாக அவர் சொன்னார். 46 ஆண்டுகள் அந்தச் சம்பவம் அவரை விடவில்லை. 2011-இல் இறந்த விமானியின் மகளுக்கு அவர் மின்னஞ்சல் எழுதினார். நடந்ததை விவரித்து வருத்தம் தெரிவித்தார். மகள் பதில் எழுதினார். தன் குடும்பம் அந்த விமானியின் மீது வன்மம் கொள்ளவில்லை என்றும், போரில் எல்லோருமே வேறு யாரோ ஆடிய ஆட்டத்தின் காய்கள்தாம் என்றும் அவருடைய பதில் அமைந்தது. அந்த மடலை எழுதவும் துணிவு வேண்டும், பதில் எழுத அதைவிடப் பெரிய மனம் வேண்டும்.

தளபதிகள் மட்டத்தில் உறவு வேறு விதமாக இருந்தது. 1965-இல் இந்திய விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கும், அவ்வாண்டு ஜூலை வரை பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியாக இருந்த அஸ்கர் கானும் பழைய சகாக்கள். கட்ச் மோதல் வெடித்தபோது இருவரும் தொலைபேசியில் பேசி, விமானப்படைகளை அதில் இறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பெரும்போர் தொடங்கிய செப்டம்பரில் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. அதே போரில் கரியப்பாவின் மகன் விமானியாகச் சென்று பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். முன்பு கரியப்பாவோடு ஒரே படையில் இருந்த அயூப் கான் அப்போது பாகிஸ்தான் அதிபர். மகனை விடுவிப்பதாக அவர் சொல்லியனுப்ப, மற்றக் கைதிகளுக்கு இல்லாத சலுகை தன் மகனுக்கும் வேண்டாம் என்று தந்தை மறுத்துவிட்டார்.

தனிமனிதர்களின் இந்த நட்பை அமைப்பாக்கும் முயற்சி 1990களில் தொடங்கியது. அமைதிக்கும் ஜனநாயகத்துக்குமான பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தின் முதல் கூட்டு மாநாடு 1995 பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது. அதன் இந்தியப் பிரிவில் முன்னின்றவர்களில் ஒருவர் கடற்படையின் முன்னாள் தளபதி அட்மிரல் எல். ராம்தாஸ். 1971-இல் வங்காள விரிகுடாவில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலுக்குத் தலைமையேற்று வீர் சக்ரா பெற்றவர் அவர். 2004-இல் அவருக்கும் பாகிஸ்தானின் மனித உரிமையாளர் ஐ.ஏ. ரஹ்மானுக்கும் ரமோன் மகசேசே விருது கூட்டாக வழங்கப்பட்டது. இரு நாட்டு ஓய்வுபெற்ற படையினருக்கென்றே தனியாக ஓர் அமைதி முயற்சியும் உருவாகி, அவர்கள் டெல்லிக்கும் லாகூருக்கும் மாறி மாறிப் போய்வந்தார்கள். போரை அறிந்தவரே அமைதியைப் பேசும்போது அவரைக் கோழை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது; அந்தக் குரலுக்கு இருந்த வலு அது.

இந்திய மண்ணில் முன்னாள் எதிரிகள் உண்மையிலேயே களத்துக்குத் திரும்பிய இடங்கள் இம்பாலும் கோஹிமாவும். 1944-இல் அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையிடம் தோற்ற ஜப்பானியப் படை ஏறக்குறைய 30,000 பேரைப் பசிக்கும் நோய்க்கும் குண்டுக்கும் பலி கொடுத்தது. கோஹிமாவில் சண்டையிட்ட மசாவோ ஹிராகுபோ என்ற ஜப்பானியர் பிற்காலத்தில் லண்டனில் வாழ்ந்து, பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களோடு நட்புக் குழு ஒன்றை அமைத்தார்; அதற்காகப் பிரிட்டன் அவருக்கு 1991-இல் விருதளித்தது. கோஹிமா கத்தோலிக்கப் பேராலயம் எழும்ப ஜப்பானியக் குடும்பங்களும் நன்கொடை தந்தன. இம்பால் அருகே மைபம் லோட்பா சிங் மலையடியில் 2019 ஜூனில் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ஜப்பான், பிரிட்டன் இரு நாட்டுத் தூதர்களும் டெல்லியிலிருந்து வந்தார்கள்.

அங்கே இந்தியர் இரு பக்கமும் நின்றார்கள். பிரிட்டிஷ் படையில் மெட்ராஸ் மாகாணத்து ஆட்கள் இருந்தார்கள். எதிரே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தார்கள். ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் கைகுலுக்கிய அளவுக்கு, இந்த இரண்டு வகைத் தமிழர்களும் சந்தித்துப் பேசிய பதிவுகள் பெரிதாக இல்லை. சயாம் மரண ரயில் பாதையின் கதையும் இப்படித்தான். அங்கே சித்திரவதைக்கு ஆளான பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸும், அப்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜப்பானியர் நாகாசே தகாஷியும் 1993-இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சந்தித்தது நூலாகவும் திரைப்படமாகவும் உலகறிந்தது. அதே பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்களைத் தேடி வந்து பேசியவர் மிகச் சிலர். சமரசத்தின் வரலாற்றில் எழுதத் தெரிந்தவரும் பதவி உடையவருமே அதிகம் தென்படுகிறார்கள். இந்திய-பாகிஸ்தான் சந்திப்புகளிலும் பிரிகேடியர்கள் தெரிகிறார்கள், அவர்களோடு நின்ற ஜவான்களைக் காண்பது அரிது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான களம் இலங்கை. 1987 முதல் 1990 வரை அங்கே இந்திய அமைதிப்படை 1,100-க்கு மேற்பட்ட வீரர்களை இழந்தது. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. அங்கே இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலை டெல்லி தேசியப் போர் நினைவக வளாகத்தில், அருண் கேத்தர்பாலின் சிலை இருக்கும் அதே பரம் யோதா ஸ்தலத்தில் உள்ளது. ஆனால் அந்தப் போரில் 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். அங்கே இழப்புக்கு உரியவர்கள் வீரர்கள் மட்டும் இல்லை. ஆகவே இரு பக்கத்து வீரர்கள் தழுவிக்கொள்வதால் கணக்குத் தீராது. நாசர் கேத்தர்பாலுக்குச் சொன்னதுபோல நடந்ததை நேரே சொல்வது அங்கே இன்னும் மிச்சமிருக்கும் வேலை.

வடக்கிலும் தீராத கணக்குகள் உண்டு. 1965, 1971 போர்களில் காணாமற்போய்ப் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக இந்தியா கருதிய 54 படையினர் திரும்பவில்லை. தன்னிடம் அப்படி யாரும் இல்லை என்பது பாகிஸ்தானின் நிலை. 2007-இல் உறவினர் குழு ஒன்று பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடியும் ஒருவரையும் காணாமல் திரும்பியது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானியருக்கான விசாக்களை இந்தியா நிறுத்தியது, அட்டாரி எல்லை வாயில் மூடப்பட்டது, மே மாதம் கர்தார்பூர் யாத்திரைப் பாதையும் அடைக்கப்பட்டது. கர்தார்பூர் குருத்வாரா இருப்பது பாகிஸ்தானின் நாரோவால் மாவட்டத்தில். பசந்தர் போர் நடந்த ஷக்கர்கட்டும் அந்த மாவட்டமே. 1971-இல் 21 வயதாயிருந்தவர்கள் இப்போது எழுபதின் நடுவில் இருக்கிறார்கள். 1947-க்கு முன் ஒரே படையில் உண்டு உறங்கியவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள்: அர்ஜன் சிங் 2017 செப்டம்பரில் டெல்லியில் இறந்தார், அஸ்கர் கான் 2018 ஜனவரியில் பாகிஸ்தானில். இனி வரும் முன்னாள் வீரர்களுக்கு ஜிம்கானா விருந்து போன்ற பொது நினைவு எதுவும் கிடையாது.

வழி ஏற்படுத்துவது முடியாத காரியம் இல்லை. இரு நாட்டு யாத்திரிகர்கள் எதிர்நாட்டுப் புனிதத் தலங்களுக்குக் குழுவாகப் போய்வர 1974-இல் ஒரு நெறிமுறை கையெழுத்தானது. இரண்டு போர்கள் நடந்து முடிந்த பத்தாண்டுக்குள் அது சாத்தியமானது. எந்தெந்தத் தலம், எத்தனை பேர், எந்தத் திருவிழா என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அதே முறையில் எழுபது வயது கடந்த முன்னாள் வீரர்களும் இறந்தவர்களின் பெற்றோர், மனைவி, மக்களும் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட களங்களுக்குப் போய்வர ஒரு பட்டியல் தயாரிக்கலாம். உறவு சீராகும் ஒரு காலத்தில் அதை முதலில் எடுத்துக்கொள்ள இரு அரசுகளுக்கும் செலவு அதிகமில்லை. இப்போதுள்ள பட்டியலில் நன்கானா சாகிப் இருக்கிறது, அஜ்மீர் இருக்கிறது. ஜர்பாலோ இந்தியப் பக்கத்துப் போர்க்களமான அசல் உத்தாரோ அதில் இல்லை.